பெய்-லிங் முறை

எங்கள் நகராட்சியின் தரப் பரிசோதனைப் பிரிவில் சிவப்பு நிறத்துக்கு அனுமதி கிடையாது. ஊரே வாசலில் சிவப்புத் தாள் ஒட்டிப் புத்தாண்டு கொண்டாடும்போது அங்கே மட்டும் ஆரஞ்சுத் தாள் ஒட்டுவார்கள். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் அதில் ஒரு விளக்கு. தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. பான் வென்-சியுங் பிரிவுத் தலைவராக வந்ததிலிருந்து அந்தத் திரை சிவப்பைக் கண்டதில்லை. அதற்கு முன்னால் கண்டதுண்டு. அப்படிக் காட்டிய ஆட்கள் இப்போது கல்லறைத் தோட்டங்கள் துறையில் இருக்கிறார்கள்.

கணினி அறையில் ஒவ்வொரு எந்திரத்தின் தலையிலும் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். தேங்காய் வாசனைச் சோளப்பொரி. குவாய்குவாய் என்று பெயர். சமர்த்தாக இரு என்று அர்த்தம். பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, முக்கியமாக யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. அப்படியானால் எந்திரம் அடங்கி நடக்கும். மற்ற அலுவலகங்களிலும் வைக்கிறார்கள்தான். ஆனால் தினமும் காலையில் வரிசையில் நின்று அதற்குத் தலைவணங்குவது எங்கள் தரப் பிரிவில் மட்டுமே உண்டு.

இந்தப் பிரிவில்தான் கௌ பெய்-லிங் வேலை பார்த்தாள். கெட்டிக்காரி. பொய் சொன்னால் காது சிவந்துவிடும் ஜாதி, அதனால் பொய் சொல்லாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் நகராட்சி ஒரு புது இணையச் சேவை வாங்கியது. ஒருவர் பிறந்த வருஷத்தைச் சொல்லிக் கேட்டால், அவருக்கு நகராட்சி என்ன தர வேண்டும் என்று அது பதில் சொல்லும். கைக்குழந்தைக்குப் பால் மாவு. தனியாக இருக்கும் முதியவருக்குத் தினமும் மதியச் சாப்பாடு. அதைச் சோதிக்கும் வேலை பெய்-லிங் தலையில் விழுந்தது. அவள் க்ரூவி என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். அது கேள்விக் கோப்பைத் திறந்து படிக்கும்; அதில் பிறந்த வருஷத்தை மாற்றும்; சேவைக்கு அனுப்பும்; வந்த பதிலை இன்னொரு கோப்பில் எழுதும். கடைசியில் அந்தப் பதிலை 'சரியான பதில்' என்ற கோப்போடு ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை.

எல்லாம் தயார். சரியான பதில் மட்டும் யாரிடமும் இல்லை. பெய்-லிங் நலத்துறைக்குப் போன் போட்டாள். எடுத்தவர் யென் என்ற அதிகாரி அம்மாள்.

"மேடம், யாருக்கு என்ன தரணும்னு ஒரு பட்டியல் கேட்டிருந்தேனே?"

"அதைச் சொல்றதுக்குத்தானேம்மா சேவையே வாங்கியிருக்கோம்! எங்களுக்கே தெரிஞ்சா அதை எதுக்கு வாங்குறோம்?"

"இல்ல மேடம், அது சரியாச் சொல்லுதான்னு பார்க்கணும்..."

"அதைப் பார்க்கத்தானே நீ இருக்கே?"

போன் வைக்கப்பட்டது. பெய்-லிங் தலைவர் பானிடம் போய் நின்றாள்.

"திறப்பு விழாவுக்குத் துணை மேயர் வர்றாரு. திரை பச்சையா இருக்கணும்" என்றார் அவர். "எப்படிங்கறது உன் சுதந்திரம். நான் யாரோட சுதந்திரத்துலயும் தலையிடறதில்ல."

பெய்-லிங் இடத்துக்குத் திரும்பி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். வந்த பதிலையே சரியான பதில் கோப்பில் எழுதிக்கொள் என்று ஒரு வரி. பக்கத்தில் 'தற்காலிகம், பட்டியல் வந்ததும் நீக்கவும்' என்று குறிப்பும் எழுதினாள். இனி நிரல் பதிலை வாங்கும், அதையே சரியான பதில் என்று எழுதும், பிறகு இரண்டையும் மிகுந்த கவனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பரீட்சை எழுதிய பையனையே திருத்தவும் சொன்னால் யார்தான் தோற்பார்கள்? திரை முழுக்கப் பச்சை. அன்று அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

துணை மேயர் வந்தார், பச்சையைப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். பட்டியல் வரவேயில்லை. வரியும் அப்படியே கிடந்தது.

ஆவி மாதம் பிறந்தது. அலுவலக வாசலில் மேஜை போட்டு, அலையும் ஆவிகளுக்குப் பழமும் பிஸ்கட்டும் பீரும் படைத்தார்கள். அந்தப் பூஜை முடிந்த கையோடு தலைவர் பான் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, பெய்-லிங்கை மேடைக்கு அழைத்தார். அவளுடைய வரி திரையில் பெரிதாகத் தெரிந்தது. மாட்டிக்கொண்டோம், நல்லவேளை மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு நிம்மதி வந்தது.

"இத்தனை காலமா நாம என்ன பண்ணினோம்?" என்று ஆரம்பித்தார் தலைவர். "ஒண்ணை எதிர்பார்த்தோம், வேற ஒண்ணு வந்துச்சு. அதனால ஏமாந்தோம், சிவப்பு பார்த்தோம். பெய்-லிங் என்ன பண்ணினா? வர்றதையே எதிர்பார்த்தா! எவ்வளவு அடக்கம் பாருங்க. இந்த மனசு நம்ம எல்லாருக்கும் வரணும். இன்னையிலேருந்து இதுக்குப் பேரு பெய்-லிங் முறை. எல்லா நிரல்லயும் இந்த வரி இருக்கணும்."

கைதட்டல். அந்த வாரமே பிரிவிலிருந்த அத்தனை நிரல்களிலும் வரி ஏறியது. 'தற்காலிகம்' என்ற குறிப்பையும் எழுத்துப் பிசகாமல் சேர்த்தே நகலெடுத்தார்கள். நமக்குப் புரியாததில் கை வைக்கக் கூடாது என்ற பயபக்தி. குடிநீர், பேருந்து, குப்பை வண்டி எல்லாம் நிரந்தரமாகத் தேறிவிட்டன. பெய்-லிங்குக்கு மாதிரி ஊழியர் என்று சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டை ஒன்று கொடுத்தார்கள். அவள் அதைப் பையின் அடியில் போட்டு மேலே குடையை வைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்தப் போன் வந்தது. எடுத்தவன் பக்கத்து இருக்கை அ-காய். வாயில் எதையாவது மென்றுகொண்டே வேலை பார்ப்பவன்.

"அக்கா, லைன்ல ஒரு தாத்தா. நூறு வயசுங்கறாரு. சாப்பாடு நின்னு போச்சாம், பால் மாவு டப்பா வந்திருக்காம். கூடவே பால்புட்டியும் இலவசமாம். என்ன சொல்ல?"

பெய்-லிங் பேனாவை எடுத்தாள். "பேரு என்ன? எந்த வருஷம் பொறந்தாராம்?"

பெயர் லியென் ஷுய்-மு. பிறந்தது பதினாலாம் வருஷம். குடியரசு பிறந்த வருஷத்தை ஒன்று என்று வைத்து எண்ணுகிறவர்கள் நாங்கள். இப்போது நடப்பது நூற்றுப் பதினாலு. பெய்-லிங் கேள்விக் கோப்பில் அவர் வருஷத்தைப் போட்டு அனுப்பினாள். 'கைக்குழந்தை. பால் மாவு தருக' என்று பதில் வந்தது. சேவையைச் செய்த சிக்கனக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போதும் என்று விட்டிருந்தார்கள். நூற்றுப் பதினாலில் பிறந்த குழந்தையும் பதினாலில் பிறந்த கிழவரும் அதற்கு ஒன்றுதான். ஒருவர் நூறைத் தொட்டதும் எந்திரம் அவரைத் தொட்டிலில் போட்டுவிடும்.

அவள் தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். திரை அந்தச் சோதனைக்கும் பச்சை காட்டியது.

நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"தலைவரே, தப்பு என்னோடது. அந்த வரியால சோதனை சோதிக்கவே இல்ல. ஒரு பெரியவர் பட்டினி கிடக்கறார். எனக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க."

தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "நீ தப்பு பண்ணினேன்னு எந்தச் சோதனை சொல்லுச்சு?"

"சோதனை சொல்லாது தலைவரே, அதுதானே தப்பே."

"அப்ப ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாம ஒரு மாதிரி ஊழியர் மேல பழி சொல்றது குத்தம்மா, அது நீயே ஆனாலும்." குரலைத் தணித்துக்கொண்டார். "உன் பேரை வெச்சு ஒரு முறையே இருக்கு. அது தப்புன்னா பிரிவே தப்பு. பிரிவு தப்புன்னா அதைப் பாராட்டின துணை மேயரும் தப்பு. ஒரு டப்பா பால் மாவுக்காக இவ்வளவு பேரைத் தப்பாக்கணுமா? நீ நல்ல பொண்ணு, இப்படிச் சுயநலமா யோசிக்காதே."

இருந்தாலும் புகார் என்று ஒன்று வந்துவிட்டதால் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். கூட்டம் கூடியது. பெய்-லிங் கை தூக்கினாள். குற்றம் ஒப்புக்கொள்வது நிகழ்ச்சிநிரலில் இல்லை என்றார்கள். அப்போது கணினி அறையிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். சேவையை ஓட்டும் எந்திரத்தின் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாராம். உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லையாம்.

அ-காய் மெதுவாக எழுந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நான்தான்... பசிச்சுது. ஓரத்துல சின்னதாப் பிரிச்சு எடுத்துட்டு திரும்ப ஒட்டி வெச்சேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துக்க வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார். "ஒரு பிரிவு எதுல நிக்குது தெரியுமா? நம்பிக்கையில. ஒரு எந்திரம் நம்மளை நம்பித் தலையில ஒரு பொட்டலத்தைச் சுமந்துட்டு நிக்குது. அதை ஏமாத்திட்டியேப்பா."

காரணம் கண்டுபிடிக்கப்பட்டதாகத் தீர்மானம் நிறைவேறியது. புதுப் பொட்டலம் வாங்கி வைத்து, எல்லோரும் வரிசையில் நின்று எந்திரத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். லியென் ஷுய்-முவிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அ-காய்க்கு முத்திரை குத்திய கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். அவன் அதை மேஜையில் வைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பெய்-லிங் அந்தக் கடிதத்தையே பார்த்தாள். கல்யாணமாகாதவள் தோழியின் கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

மறுநாள் மதியம் அவள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு லியென் வீட்டைத் தேடிப் போனாள். மழை. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். கதவைத் திறந்தவர் எலும்பும் பேச்சுமாக இருந்தார்.

"நீ யாரு? தடுப்பூசி போட வந்திருக்கியா? போன வாரம் ஒருத்தி வந்து, குழந்தை எங்கேன்னா. நான்தான்னேன். பயந்து ஓடிட்டா."

"இல்ல தாத்தா. சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

அவர் பெட்டியைத் திறந்து, வறுத்த பன்றித் துண்டைச் சாப்பிடும் குச்சியால் தட்டிப் பார்த்தார். "இதைக் கடிக்கணும்னா எங்க அப்பன் பல்லைத்தான் கடன் வாங்கணும். பரவால்ல, முட்டையைத் தின்னுக்கறேன்." சுவர் ஓரத்தில் பால் மாவு டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒன்றில் சவரக்கத்தியும் சீப்பும் செருகியிருந்தார். "கஞ்சியில கலந்து குடிக்கறேன். ருசியாத்தான் இருக்கு. கிழவனுக்குப் பல்லு இல்லன்னு நகராட்சிக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு பாரேன்! நல்ல சர்க்கார்."

பெய்-லிங்குக்கு அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். வரி, பச்சை விளக்கு, பட்டியல், பொட்டலம், எல்லாம். அவருக்குப் பாதி புரிந்திருக்கும்.

"அப்ப நீதான் நிறுத்தினதா?"

"நான் நிறுத்தல தாத்தா. நின்னு போயிடும்னு கண்டுபிடிக்க வேண்டியவ நான். கண்டுபிடிக்காம இருக்கறதுக்கு வழி பண்ணினேன்."

கிழவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"சாப்பாடு கொண்டு வர்றவன் அ-ஹொங்னு ஒரு தடியன். கீழ ஸ்கூட்டரை நிறுத்திட்டு அங்கேருந்தே கத்துவான், 'ஷுய்-மு தாத்தா, இன்னும் இருக்கீங்களா?'ன்னு. நான் இங்கேருந்து கத்துவேன், 'இல்லடா, போயிட்டேன், மேல வா!'ன்னு. தெருவே சிரிக்கும். தினமும் நடக்கும்." ஒரு டப்பாவைத் தட்டினார். "இதைக் கொரியர்காரன் கதவோரம் வெச்சுட்டுப் போயிடறான். நான் இருக்கேனா போயிட்டேனான்னு இப்ப யாரும் கேக்கறதில்லம்மா. எனக்கே சில நாள் சந்தேகம் வந்துடுது."

பெய்-லிங் படியிறங்கும்போது அழுதாள். அலுவலகத்துக்குத் திரும்பியதும் இன்னொரு நிரல் எழுதினாள். அது பிரிவிலிருந்த நிரல் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தது. அவள் பெயர் சூட்டப்பட்ட வரியையும், அந்த வரி எழுதிவைத்த 'சரியான பதில்'களையும் நீக்கியது. திரும்ப எழுதி மூடியது. திரை ஒரு கணம் இருண்டது. பிறகு சிவப்பு. குடிநீர் சிவப்பு, பேருந்து சிவப்பு, குப்பை வண்டி சிவப்பு. யாரோ ஒருவர் தீயணைப்பு மணியை அடித்துவிட்டார்.

தலைவர் பான் திரைக்கு முன்னால் நின்று, கைகளை விரித்து அதை மறைக்கப் பார்த்தார். திரை பெரிது, அவர் சின்னவர்.

"யாரு பண்ணினது?"

"நான்தான் தலைவரே" என்றாள் பெய்-லிங். இந்தத் தடவை காதுகூடச் சிவக்கவில்லை.

மறுபடி கூட்டம். நலத்துறை யென் அம்மாளும் வந்திருந்தார். சேவையைத் திருத்த எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார்கள். அடுத்த வருஷத்துத் திட்டத்தில் சேர்த்தால் அதற்கடுத்த வருஷம் ஆகலாம் என்று பதில் வந்தது. நூறு வயதுக்காரர்களுக்கு அது கொஞ்சம் நீண்ட காலம்தான் என்பதைக் கூட்டம் வருத்தத்தோடு பதிவு செய்தது.

யென் அம்மாள்தான் வழி சொன்னார். "சேவையில தப்பு இல்லையே. நூறு வயசு வரைக்கும் ஒழுங்காத்தானே வேலை செய்யுது? இவங்கதான் தாண்டிட்டாங்க. அவங்க கோப்புல பொறந்த வருஷத்தை இருபதுன்னு மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்."

"மேடம், அவங்க வயசை எப்படி நாம..." என்று பெய்-லிங் எழுந்தாள். "முதியோர் திருநாள் வருது. நூறு வயசானவங்களுக்கு நகராட்சி பதக்கம் குடுக்கும். அது கிடைக்காதே?"

"இன்னும் சில வருஷத்துல மறுபடியும் நூறு வருமேம்மா. அப்ப குடுத்துடலாம்."

தலைவர் பெய்-லிங் பக்கம் குனிந்தார். "கோப்பைப் படிச்சு, திருத்தி, எழுதற நிரல் உன்னை மாதிரி யாருக்கும் வராது. நீ எழுதினா நாளைக்கே கிழவருக்குச் சாப்பாடு. எழுதலேன்னா அதுக்கடுத்த வருஷம். இது உன் சுதந்திரம்."

பெய்-லிங் உட்கார்ந்தாள். ஒரு பொய்யைச் சரிசெய்ய வந்தவள் கையில் அதைவிடப் பெரிய பொய்யைக் கொடுத்திருந்தார்கள். மறுத்தால் அவள் நல்லவள், தாத்தா பட்டினி. அவள் நிரலை எழுதினாள். கோப்புகள் திறந்தன, பதினாலும் பதின்மூன்றும் பதினொன்றும் இருபதாக மாறின, கோப்புகள் மூடின. எங்கள் நகரத்தில் அன்று சாயங்காலம் நூறு வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை. 'பெய்-லிங் முறை' எல்லா நிரல்களிலும் திரும்ப ஏறியது. திரை பச்சை.

முதியோர் திருநாள் வந்தது. செய்துவைத்த பதக்கங்களுக்கு ஆள் இல்லை. வீணாக்கக் கூடாதென்று துணை மேயர் அதில் ஒன்றை, புகாரைத் திறம்படத் தீர்த்ததற்காகப் பெய்-லிங் கழுத்தில் போட்டார். 'நூறாண்டு கண்டவருக்கு நகரத்தின் வணக்கம்' என்று அதில் பொறித்திருந்தது. யாரும் படித்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வயது முப்பத்திமூன்று.

விழா முடிந்ததும் அவள் லியென் வீட்டுக்குப் போனாள். பதக்கத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, என்ன செய்தோம் என்று சொன்னாள்.

"இருபதுன்னா எனக்கு இப்ப என்ன வயசு?"

"தொண்ணூத்தி நாலு தாத்தா."

"என் மச்சினனைவிட இளையவன் ஆயிட்டேன். அந்த நாய்கிட்ட இனிமே அண்ணேன்னு சொல்லணுமா?" சிரித்தார். பதக்கத்தை வாயருகே கொண்டுபோய், ஈறைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "தங்கமா பித்தளையான்னு கடிச்சுப் பாக்கக்கூட வழியில்ல."

"தாத்தா, என்னைத் திட்டுங்க. யாருமே திட்ட மாட்டேங்கறாங்க. எங்க போனாலும் மாலைதான் போடறாங்க."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தப்புதான் பண்ணியிருக்கே" என்றார். "பெரிய தப்பு. முதல்லயும் பண்ணினே, அதைச் சரி பண்றேன்னு மறுபடியும் பண்ணினே. மூணு வாரம் நான் இருக்கேனா இல்லையான்னே எனக்குத் தெரியல."

யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல இருந்தது பெய்-லிங்குக்கு. "என்ன பண்ணட்டும்?"

"அந்தத் தொட்டியில பாத்திரம் கிடக்கு. கழுவு. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து கழுவு. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"எப்ப சொல்லுவீங்க?"

"நூறு ஆனதும் சொல்றேன்."

அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியருகே போனாள். கஞ்சி காய்ந்து ஒட்டிய கிண்ணங்கள். முதல் கிண்ணத்தைத் தேய்க்கும்போது கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"ஷுய்-மு தாத்தா! இன்னும் இருக்கீங்களா?"

கிழவர் வாயைத் திறந்தார், ஏதோ நினைத்துக்கொண்டு மூடினார், பிறகு ஜன்னலைத் திறந்து கத்தினார்.

"எந்த ஷுய்-முவைக் கேக்கறே? நூறு வயசுக்காரன் செத்துட்டான்டா, கம்ப்யூட்டர்ல எழுதியாச்சு! நான் வேற ஆளு. மேல வா!"

தெரு சிரித்தது. பெய்-லிங் சிரிக்கவில்லை. அவள் கிண்ணத்தை விளக்கருகே தூக்கிப் பிடித்து, அழுக்கு போயிருக்கிறதா என்று பார்த்தாள். போகவில்லை. திரும்பத் தேய்த்தாள்.